நீல நூல்

முதலாண்டை இரண்டாம் முறையாகப் படிப்பதால் வகுப்பில் அவனுக்குத் தாத்தா என்று பெயர். உடற்கூற்றியல் பேராசிரியரின் கையெழுத்து இல்லாமல் இந்த வருடமும் தேர்வு எழுத முடியாது. அப்புறம் கொள்ளுத்தாத்தாவாக வேண்டியதுதான்.

அன்று மேசையில் கிடந்த சடலத்தின் வலது மணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பென்று நினைத்துத் தாத்தா கத்தரித்தது, கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு.

"போச்சு! நாளைக்குக் காட்டச் சொன்னதே இதைத்தானடா!" என்றாள் மேசைத் தோழி.

"கத்தாதே தாயே. கட்டி விட்டுடலாம்."

அவனுடைய வெள்ளைக் கோட்டுப் பொத்தானை அம்மா கைக்குக் கிடைத்த நீல நூலால் தைத்திருந்தாள். அதில் ஓர் இழையை உருவி, அறுந்த முனைகளைச் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டான். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சடலத்திடம் சொல்லிவிட்டுத் துணியை மூடினான்.

மறுநாள் காலை துணியை விலக்கினால், நரம்பு முழுசாக இருந்தது. வெட்டிய தடமில்லை. நூலும் இல்லை.

"மேசை மாறிட்டோமா?"

"அதே நம்பர்தான்டா" என்ற தோழியின் குரல் இறங்கிவிட்டது.

பேராசிரியர் இடுக்கியால் நரம்பைத் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்லையே தாத்தா, சுத்தமான வேலை." நோட்டில் கையெழுத்துப் போட்டார். "கீழே நீயும் போடு."

தாத்தா கையுறையைக் கழற்றிப் பேனாவை எடுத்தான். நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை.

"தப்பிச்ச சந்தோஷமா?" என்று தோழி சிரித்தாள்.

அவன் கோட்டின் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தோலுக்கடியில் மட்டும் இரட்டை முடிச்சு ஒன்று நீலமாகத் தெரிந்தது.