திருட்டுப் போன மாத்திரை

“தம்பி, மறுபடியும் திருட்டுப் போயிடுச்சு!” மருந்துக்கடையின் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் மூச்சு வாங்கினார்.

“என்ன போச்சு டீச்சர்?”

“தூக்க மாத்திரை. அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணுகூட விடாம யாரோ வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“வீட்ல நீங்க மட்டும்தானே?”

“அதான் மண்டை வெடிக்குது! பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. போதாததுக்கு சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். எவன்னு தெரிஞ்சா கொன்னே போட்டுடுவேன். புதுசா குடு தம்பி, உன் கால்ல வேணா விழறேன்.”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். டீச்சரின் மாத்திரைகள்தான்.

“யாரு கொண்டாந்து குடுத்தது?” டீச்சர் கத்தினார்.

கடைக்காரர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் நீங்கதான் டீச்சர் வந்தீங்க. இதே கைப்பையோட. ஆனா என்னைத் தம்பின்னு கூப்பிடல, மாமான்னு கூப்பிட்டீங்க. குரலும் சின்னப் பொண்ணு குரல். ‘அக்கா இதையெல்லாம் ஒண்ணா முழுங்கப் போறா. வந்து கேட்டா குடுத்துடாதீங்க மாமா. அவ செத்துட்டா நான் எங்க இருப்பேன்?’னு தேம்பித் தேம்பி அழுதீங்க.”