பச்சைக் குழந்தையின் ரத்தம்

லேப்பில் வேலை பார்ப்பவர் சோதனைக் குழாயோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர், ரத்தம் மாறிப்போச்சு. சீட்டுல வயசு முப்பதுன்னு இருக்கு. உள்ள இருக்கிறது பச்சைக் குழந்தையோட ரத்தம்."

முன்பு ஒருமுறை குழாய்களை மாற்றி அனுப்பியதால்தான் நர்ஸை இன்று இந்த வார்டுக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். இன்னொரு தப்பு என்றால் வேலையே போய்விடும்.

"சத்தியமா அவர் கையிலதான் சார் எடுத்தேன்."

"அழாதீங்க. நான் புகார் எழுதல. திரும்ப எடுத்துக் குடுங்க, சத்தமில்லாம பார்த்துடறேன்."

கடவுளே இவரை அனுப்பினார் என்று அவள் நினைப்பதற்குள், பின்னால் நின்ற டாக்டர் கேட்டார்.

"யார் ரத்தம்? ஜன்னலோரக் கட்டில் டிரைவரா?"

"ஆமா டாக்டர். மன்னிச்சிடுங்க."

"எதுக்கும்மா மன்னிப்பு? பிறவியிலேயே நல்ல ரத்தம் ஊறாத உடம்பு அவருக்கு, மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். தாய் வயித்துல நல்ல ரத்தம் ஊற வெச்ச மரபணு பிறந்ததும் தூங்கிடுச்சு. அதை எழுப்பத்தான் மாசக்கணக்கா வைத்தியம் பார்த்தோம். எழுந்திருச்சும்மா! அதான் பச்சைக் குழந்தை ரத்தம் மாதிரி இருக்கு."

டாக்டர் வாசலைக் காட்டினார்.

"அவர் சம்சாரம் இந்த மாசத்துக்கு ரத்தம் கேட்டு வெளியே அலைஞ்சிட்டிருக்காங்க. நீ எடுத்த ரத்தம், நீயே ஓடிப்போய்ச் சொல்லு. இனி யார்கிட்டயும் கேக்க வேண்டாம்னு."