ஒத்த ரிங்

ஒரே ஒரு ரிங். சௌமியா போனை எடுப்பதற்குள் கட்.

அதே நம்பர். கல்யாணமாகி நெட்டுக்குப்பம் வந்த இந்த நாற்பது நாளில் பதினேழாவது தடவை. இன்று விடுவதில்லை என்று திருப்பி அடித்தாள். எடுத்தார்கள்.

"யாருய்யா நீ? தைரியம் இருந்தா பேசு!"

அந்தப் பக்கம் அலைச் சத்தம். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கட்.

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள், இதற்கெல்லாம் பயப்படுகிற பெண் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. புருஷன் ரஞ்சித் கடலுக்குப் போகிற நாளில் மட்டும்தான் இந்த நம்பர் வருகிறது. அவன் வீட்டில் இருந்தால் சத்தமே இல்லை. எவனோ நோட்டம் பார்த்துத்தான் செய்கிறான். ரஞ்சித்திடம் சொன்னால் வெட்டு குத்தில் போய் முடியும். முன்கோபத்தில் அவனை மிஞ்ச அந்தக் குப்பத்தில் ஆள் கிடையாது.

வாட்ஸப்பில் தேடினாள். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் அம்மன் படம். அம்மனைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? பணம் அனுப்புகிற ஆப்பில் நம்பரைப் போட்டாள். பேர் காட்டிவிடுமே.

காட்டியது. கிருஷ்ணப்பன்.

சௌமியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிருஷ்ணப்பன், ரஞ்சித்தின் கூடப்பிறந்த அண்ணன். அடுத்த தெரு. ஆறு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா விட்டுப்போன மீன்பிடி போட்டுக்குப் பச்சை பெயிண்டா, நீல பெயிண்டா என்று ஆரம்பித்த சண்டை, 'செத்தாலும் உன்னோட பேச மாட்டேன்' என்று ஆளுக்கொரு சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியதில் முடிந்ததாம். இப்போது ஆளுக்கொரு போட். தம்பி மேல் கோபம் என்றால் தம்பியிடம் காட்டட்டும். தம்பி பெண்டாட்டியிடம் இதென்ன கேவலமான வேலை?

மறுநாள் காலை, ஆம்பளைகள் கடலில் இருக்கிற நேரமாகப் பார்த்து அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். கிருஷ்ணப்பனின் மனைவி வேம்பு இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாமே, சௌமியா. இப்பத்தான் இந்தத் தெரு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"ஒறவு கொண்டாட வர்லக்கா. உங்க வூட்டுக்காரரு எனுக்கு போன் பண்ணிக்கினு கீறாரு. எங்க வூட்டுக்காரரு இல்லாத நேரமாப் பாத்து. இன்னா அர்த்தம் இதுக்கு?"

"பேசுறாரா?"

"பேச்சு ஏது? ஒத்த ரிங்கு. ஒடனே கட்டு."

"ரிங்கு வந்ததும் நீ இன்னா செய்வ?"

"இன்னா செய்வேன்? எவன்டா இந்தக் கஸ்மாலம்னு திட்டுவேன்."

வேம்பு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இறால் நழுவி விழுந்தது.

"அடிப்பாவி! அடுப்பு பத்த வெக்க மாட்டியா? நாப்பது நாளா புருஷனுக்கு ஆறிப்போன சோறா போட்டுக்கினு கீற?"

"இன்னாக்கா சொல்ற?"

"போட்டு முகத்துவாரம் தாண்டிடிச்சுன்னு அர்த்தம்மே. ஆறு கடல்ல சேர்ற எடத்துல மண்ணு மேடு தட்டிப் போய் கீது. நடுக்கடல்ல கூட பயமில்ல. அந்த வாயில நொழையும்போதுதான் அலை பொரட்டிப் போட்டுடும். அதைத் தாண்டுற வரைக்கும் இங்க எந்தப் பொம்பளைக்கும் உசுரு கையில இருக்காது. அதான் கரையில நிக்கிறவங்க பாத்துட்டு வூட்டுக்கு ஒத்த ரிங்கு வுடுவாங்க. எங்க குப்பத்துல பச்சப் புள்ளைக்குக் கூட தெரியும். வியாசர்பாடிக்காரிக்கு எப்டித் தெரியும்னு அந்த மனுசனுக்குத் தோணல பாரு!"

சௌமியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் நம்பரு எப்டிக்கா...?"

"மகளிர் குழு நோட்டுல இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவரு மொதல்ல கரைக்கு வந்துட்டா வூட்டுக்கு வர மாட்டாரு. தம்பி போட்டு தாண்டுறதப் பாத்துட்டுத்தான் வருவாரு. கேட்டா, வலை காய வெச்சேம்பாரு. பேசக் கூடாதுன்னுதானே சத்தியம்? ரிங்கு வுடக் கூடாதுன்னு இல்லியே."

நேற்று போனில் அந்த மனிதரைக் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. சௌமியாவுக்கு அழுகை முட்டியது.

"தப்பா நெனச்சிட்டேன்க்கா..."

அப்போது வேம்புவின் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். கட்.

"வந்துட்டாரு" என்று கடல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வேம்பு அடுப்பைப் பற்ற வைக்க எழுந்தாள்.

சௌமியா போனை எட்டிப் பார்த்தாள். திரையில் பேர் இல்லாத வெறும் நம்பர். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எந்த ஆப்பும் வேண்டியிருக்கவில்லை. ரஞ்சித்தின் நம்பர்.

"அக்கா... இது எங்க வூட்டுக்காரரு!"

"ஆறு வருசமா வருது. இன்னிக்கு உன் ஆளு மொதல்ல கரைக்கு வந்துட்டான் போல. பேரு போட்டு வெச்சா என் ஆளு, அதான் உங்க மாமா, பாத்துடுவாருன்னு வெறும் நம்பராவே வுட்டு வெச்சிருக்கேன்."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அவருக்கும் தெரியாது. அவரு செய்றது உன் ஆளுக்கும் தெரியாது."

சௌமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு துள்ளி எழுந்தாள்.

"இப்பவே போயி ரெண்டு பேருகிட்டயும் சொல்லிடறேன்க்கா!"

வேம்பு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"சும்மா குந்துமே! தெரிஞ்சுதுன்னா பேசிக்குவானுங்க. பேசிக்கினா மறுபடியும் சண்டை போட்டுக்குவானுங்க. அப்பறம் நமக்கு யாரு ரிங்கு வுடுவா?"