ஏழாவது குழி

சிவப்புக்கொடிச் சாமி மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். அந்தச் சாமி எவ்வளவு துடியானது என்று மலாயாவில் கோத்தா திங்கி பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால். பாலத்துக்குக் கல் எடுக்கும் மலையில் அன்று ஏழு குழி துளைத்திருந்தார்கள். கூலிகளை மேய்க்கும் மண்டோர் சதாசிவம் மரத்துக்குப் பின்னால் குந்தி, விரல் விட்டு எண்ணினார். ஆறு வெடிதான் கேட்டது.

வெடிக்காரன் வீரமுத்து பல்வலியில் தாடை வீங்கி, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறக்க முடியவில்லை.

“எத்தனைடா?”

வீரமுத்து ஆறு விரலைக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் விரித்து ஏதோ முனகினான்.

“சரி சரி, நீ போய் மொதல்ல பல்லப் புடுங்கு” என்று ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

வெடிக்காத குழியைக் கிளற சிங்கப்பூரிலிருந்து துரை வரவேண்டும். ஒரு வாரம் ஆகும். அதுவரை யாரும் நெருங்கக்கூடாதென்று சதாசிவம் குழியருகே மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். சுற்றிலும் கல் வைத்து வெள்ளையடித்தார்.

மறுநாள் காலை அங்கே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி கருப்பாயி, குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏ கருப்பாயி! உள்ள வெடிமருந்து இருக்கு! நெருப்ப அண!”

“இருக்கட்டுமே மண்டோரய்யா. வெடிக்காம யாரு புடிச்சி வச்சிருக்கா? சாமிதானே!”

சதாசிவம் கற்பூரத்தைத் தலைப்பாகையால் அமுக்கி அணைத்தார். பயம் வரட்டும் என்று இன்னொரு கொடி நட்டார். அம்மன் வந்துவிட்டாள் என்று அதற்கு வளையல் மாட்டினார்கள். வேலி கட்டினார், வேலியில் மாலை தொங்கியது.

ஐந்தாம் நாள் பொங்கல் வைக்க அடுப்புக் கல் வந்தது.

“அலமாக்! அடுப்பா? மொத்தமா சாவப் போறீங்களா?”

“கத்தாதீங்கய்யா” என்றான் கல்லுடைக்கும் ஐயாசாமி, கல்லைச் சரிபார்த்தபடி. “சாமி தூங்குது லா.”

ஆறாம் நாள் தந்தி: துரை வர இன்னும் பத்து நாள். சதாசிவம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். விரட்டி விரட்டிக் குரல் போயிருந்தது. வேலிக்குள் நாற்பது பேர். நடுவில் கருப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பு ஊதினாள்.

பிறந்ததிலிருந்து எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர், குழிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“வெடிச்சிராதப்பா. சேவல் அறுக்கிறேன். வருஷா வருஷம் அறுக்கிறேன்.”

பொங்கல் பொங்கியது. சாமி வெடிக்கவில்லை.

மறுநாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவர் சேவலைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் வீரமுத்து வந்து சேர்ந்தான். துண்டு இல்லை, வீக்கம் இல்லை, பல்லும் இல்லை. கொடியைப் பார்த்தான். சேவலைப் பார்த்தான்.

“என்னா மண்டோரய்யா இது? வெடிமருந்து பத்தலன்னு அந்தக் குழிய நான் காலியாதானே விட்டேன்!”