தாமாக முன்வந்தவர்

ஸ்டிக்கரை அழகையாவின் கதவில் ஒட்டிய கையோடு, வாசற்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டார் சுகாதார ஆய்வாளர் கீர்த்திவாசன். 'வெளிநாட்டிலிருந்து வந்தவர். பதினான்கு நாள் தனிமை. உள்ளே நுழையாதீர்' என்றது ஸ்டிக்கர். ஆய்வாளரே ஓடினால் அரவேணு பஜார்க்காரர்கள் நிற்பார்களா?

எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கத்திக் கேட்டார் கீர்த்திவாசன். "பேரு அழகையா. வயசுங்க?"

"அறுபத்தொம்பது."

"வெளிநாட்டுலேர்ந்து வந்தது நெசந்தானுங்களே?"

"நெசந்தாங்க. அதான் நானே போன் பண்ணுனேன்."

"கூட யாராச்சும் வந்தாங்களா?"

"நானும் வந்தேனுங்க," என்று கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் சுப்பம்மா. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்."

ஆய்வாளர் படிவத்தில் அடுத்த கேள்விக்குப் போகும்போது அழகையா லேசாகச் செருமினார். அவ்வளவுதான். "மீதிய அப்புறம் எழுதிக்கிறேனுங்க," என்று படிவம் மடிந்து சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"ஒரு நிமிசமுங்க. ஊட்டுல அரிசி இல்ல. நாலு நாளா ஷௌகத் அலி பாய் கடை வரிசையில நிக்கிறேன். என் முறை வர்றதுக்குள்ள மூட்டையெல்லாம் காலியாயிடுது."

"இனிமே நீங்க வாசலத் தாண்டவே கூடாதுங்க. எல்லாம் ஊட்டுக்கே வந்துரும். காலையிலருந்து ஆட்டோவுல மைக் கட்டி அதத்தான சொல்லிட்டிருக்கோம்?"

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டுச் செல்விக்கு முகம் வெளுத்தது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு நாலு மூட்டை அரிசி வாங்கி வைத்திருந்தாள் அவள்.

"ஏனுங்க பாய், எனக்குப் பின்னாடிதானுங்க நின்னாரு. மூட்டை மேல சாஞ்சுட்டுக்கூட இருந்தாரு. எல்லாத்தயும் திருப்பி எடுத்துக்கங்க."

"ஒரு ஊட்டுக்கு ஒரு மூட்டை போதும்னு அப்பவே சொன்னனே தங்கச்சி, கேட்டியா?" என்றார் கூட்டத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஷௌகத் அலி, இரண்டடி பின்னால் நகர்ந்தபடி. "இப்ப நீயுமில்ல அதத் தொட்டுட்ட."

சாயங்காலத்துக்குள் கடையில் நீலகிரித் தைலம், மஞ்சள்தூள், சோப்பு எல்லாம் தீர்ந்துபோயின. செல்வி வாங்கிய சாமான்கள் முழுவதையும் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசினாள். அரிசி பிழைத்தது. ஆறு பாக்கெட் கல்லுப்பைப் பிரித்துக் கொட்டி அலசியதில், பக்கெட்டில் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சியது.

"போன வாரம் டாக்ஸியில வந்து எறங்குனாருங்க. இம்மாம் பெரிய பெட்டி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றாள் தெருக்காரர்களிடம்.

"நானும் பார்த்தேன். கிட்ட வந்தப்ப சென்ட்டு வாசம் தூக்குச்சு. துபாய்தான்," என்றான் தையல்கடை விமல்.

"சீனாவா இருந்துட்டா?" என்றாள் செல்வி.

"இருக்குமுங்க்கா. முப்பது வருசம் டீ பாக்டரியில இருந்த மனுசன். டீத்தூள் விசயமா கூப்பிட்டிருப்பாங்க."

மறுநாள் காலை அழகையா வீட்டு வாசலில் பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், கேரட், முட்டைக்கோசு எல்லாம் வந்து இறங்கின. பால் பாக்கெட் தினமும் வந்தது. சுப்பம்மா ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாண்கூடக் குடுத்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. பின்னாடி நம்மளப் புடிச்சு உள்ள போட்டுட்டா?" என்றாள்.

"நான் என்ன பொய்யா கதைச்சேன்? வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க தாமாக முன்வந்து சொல்லணும், மறைச்சா குத்தம்னு மைக்குல சொன்னாங்க. நான் மறைக்கல. நீ ஒலைய வையி."

ஒன்பதாம் நாள் சன்னலுக்கு வெளியே ஓர் ஒட்டடைக் குச்சி ஆடியது. அதன் நுனியில் ஒரு தூக்குப்போசி. மறுமுனையில், மூக்கு வரைக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு செல்வி.

"சுப்பம்மாக்கா, எங்கயும் பால் கெடைக்கலைங்க. ஒரு டம்ளர் ஊத்துங்க."

"எங்க ஊட்டுப் பால் பரவாயில்லியா கண்ணு?"

"காய்ச்சிக்கிறேனுங்க்கா. நாலு தடவ."

பதினைந்தாம் நாள் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கீர்த்திவாசன் வந்தார். இரண்டு மாஸ்க், இரண்டு ஜதை கையுறை. இருவருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லை என்று தெரிந்ததும் தைரியமாக முதல் படிவரைக்கும் ஏறி நின்று படிவத்தைப் பிரித்தார். தெருவே ஆளுக்கொரு வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டது.

"அன்னிக்கு விட்டுப்போனத எழுதி மேல அனுப்பிரலாமுங்க. எந்த மாசம் வந்தீங்க?"

"பங்குனி."

"சரி, இந்த மாசந்தான்." எழுதிக்கொண்டார். "எந்த நாடு?"

"சிலோனுங்க. கண்டிப் பக்கம்."

'துபாய்' என்று அடித்துச் சொன்ன விமலைச் செல்வி முறைத்தாள்.

"எந்த ஏர்போர்ட்டுல எறங்குனீங்க?"

"ஏர்போர்ட் இல்லீங்க, கப்பல். ராமேஸ்வரத்துல எறங்குனோம்."

கீர்த்திவாசனின் பேனா நின்றது. "சிலோன்லேர்ந்து ராமேஸ்வரத்துக்கு இப்ப ஏதுங்க கப்பலு?"

"இப்ப இல்லீங்க. நாங்க வந்தது எழுபத்தி மூணுல."