பஞ்சாலையின் மயில்

செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினெட்டுப் பேர் பஞ்சாலை என்பவளின் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலைக்கு மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை!

சுவரில் இருந்தது மயில். அதாவது, அது மயில் என்று பஞ்சாலை சொன்னாள்.

மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தாள் அவள். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து வந்ததும், மிச்சம் மீதி பெயிண்டைக் குழைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். யாரிடமும் கற்றதில்லை, கற்கும் உத்தேசமும் இல்லை.

"வரையறப்ப மனசு லேசா இருக்குலா, அது போதும்" என்பாள். மயிலுக்கு மூன்று கால் விழுந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டே நகம் போட்டாள்.

அவளுடைய முதல் ரசிகன் லாரி ஓட்டும் குணாளன். போன சனிக்கிழமை அவள் வரைந்த சேவலை ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தான். மறுநாளே எஸ்டேட் முழுவதற்கும் கோழி பிரியாணி போட்டான். கலை ஒரு மனிதனை எவ்வளவு தாராளமாக்கிவிடுகிறது!

இந்தச் சனிக்கிழமை கூட்டத்தை அழைத்து வந்ததும் அவன்தான். சிலர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து தலைகீழாகவே பார்த்தார். 'தீஞ்ச இடியாப்பம்' என்று போன மாதம் கேலி செய்த புஷ்பவள்ளி, இன்று உள்ளங்கையில் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, பஞ்சாலையின் கணவர் இராஜமாணிக்கம் வெள்ளைப் பெயிண்ட் டின்னோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நவுருங்க எல்லாரும்! நாளைக்குப் பாரோயிலேருந்து நம்ம பையனுக்குப் பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. இதப் பாத்தா குடும்பமே கிறுக்குன்னு நெனைப்பாங்க."

"இத மட்டும் வுட்டுருங்க. வேற எதயும் நான் கேக்க மாட்டேன்." பஞ்சாலைக்கு அழுகையே வந்துவிட்டது.

இராஜமாணிக்கம் டின்னைத் திறந்தார். பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"அண்ணே, கைய வெச்சீங்க, நடக்கறதே வேற!" குணாளன் டின்னைப் பிடுங்கி லாரிக்குள் வைத்துப் பூட்டினான். "மயிலு நம்ம எஸ்டேட் சொத்துலா!"

"ஆமா!" என்றது கூட்டம். இராஜமாணிக்கம் படியில் உட்கார்ந்தார்.

பஞ்சாலைக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் பக்கம் ஒருவரும் பேசியதில்லை. இன்று ஓர் எஸ்டேட்டே பேசுகிறது!

"அவ்ளோ புடிச்சிருக்கா தம்பி?"

"உசுரு அக்கா! வாலுல மூணு, எட்டு. றெக்கையில ஒன்னு. எல்லாம் பளிச்சுன்னு தெரியுது." குணாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினான்.

"கழுத்து மட்டும் ரெண்டா, ஏழான்னு சொல்லிடுங்கக்கா, லாட்டரிக் கடைய மூடிருவான்!"