துண்டுக்குள் ஐந்து விரல்

துண்டுக்குள் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான் சாமுவேல்.

ஐயாயிரம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. மூன்று தலைமுறையாகச் சித்தூர் மண்டியில் வெல்லத் தரகு பார்க்கிற குடும்பம் எங்களுடையது. முதல் பிடியிலேயே முழுக்கையைக் கேட்கிற ஆளை நாங்கள் கண்டதில்லை.

மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். விரலுக்கு ஆயிரம் என்றால் முழுக்கை ஐயாயிரம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்று துண்டு விரித்தது வீட்டில்; கரண்டியோடு பக்கத்தில் நின்றவள் என் தங்கை தபீதாள். அவளுக்குத் தெரியவே கூடாது.

அவள் புருஷன் தியோடர், ஆப்பிரிக்காவில் எண்ணெய் ஊறுகிற ஒரு நாட்டுக்கு வாத்தியாராகப் போயிருந்தார். தோண்டின இடமெல்லாம் பெட்ரோல். ஆனால் பெட்ரோல் பங்க்கில் இரண்டு நாள் வரிசை. ஆஸ்பத்திரியில் விளக்கெரிக்க டீசல் கிடையாது. மந்திரிகளுக்கு மட்டும் கடல் தாண்டி மாளிகை. மாப்பிள்ளைக்கு ஒன்பது மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஊர் திரும்ப டிக்கெட் எடுக்க வழியில்லை.

இங்கே எண்ணெய் நாட்டு வாத்தியார் பெண்டாட்டி, ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லாமல் விறகு ஊதிக்கொண்டிருந்தாள். நடக்கத் தொடங்கிவிட்ட மகளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டிய போட்டோதான்.

"யாருக்காச்சும் கொஞ்சம் தள்ளினா சம்பளம் வரும்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"லஞ்சம் குடுத்து இட்டாந்த புருஷன் எனக்கு வேணாம். கர்த்தர் பாத்துக்குவாரு."

"ஒம்பது மாசமா பாத்துக்கினுதானே கீறாரு!"

அதோடு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

சரி, கர்த்தருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்வோம் என்று நானே கிளம்பினேன். அந்த நாட்டுப் பையன் ஒருவன் திருப்பதியில் படிக்கிறான். அங்கே வாத்தியார்கள் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி அவனுடைய அப்பாதான். வெல்லம் வாங்க வரும் கங்கையா இதைச் சொன்னதும் விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், வீட்டுச் சாப்பாடு என்று ஆசை காட்டிக் கையோடு அழைத்து வந்துவிட்டேன்.

யார் மகன் என்று தபீதாளிடம் சொல்லவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த கிறிஸ்தவப் பையன் என்றேன். அவள் முட்டையிடுகிற கோழியையே அடித்துவிட்டாள்.

இலை போட்டதும் துண்டை விரித்துக் கையை நீட்டினேன். பையன் தயங்காமல் தன் கையை உள்ளே விட்டான். கை நீட்டுகிற நாட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்?

ஐயாயிரம் என் சக்திக்கு மேல். அவன் பிடியைத் தளர்த்தி, இரண்டு விரலைப் பிடித்தேன்.

அவன் மறுபடியும் முழுக்கையைப் பிடித்தான். முன்னைவிட இறுக்கி.

மூன்று விரல். ஊகூம்.

கண்ணை வேறு மூடிக்கொண்டான். பழுத்த தரகர்கள்தான் அப்படி மூடுவார்கள், முகம் விலையைக் காட்டிவிடக் கூடாது என்று. உதடு மட்டும் லேசாக அசைந்தது. கணக்குப் போடுகிறான், திருட்டுப் பயல்.

நான்கு விரல். அதற்கும் ஊகூம்.

"இன்னாண்ணா இது, சோறு ஆறிப்போவுது. அந்தப் புள்ள கையைப் புடிச்சிக்கினு இன்னா பண்றே?"

தலைமுறைத் தரகன் ஒரு பொடியனிடம் தோற்கிறேனே என்று பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய? என் பெண்டாட்டி வளையலை மனசுக்குள்ளேயே அடகு வைத்தேன். தொலையட்டும் என்று அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். பேரம் முடிந்தது.

"ஆமென்" என்றான் சாமுவேல்.

கண்ணைத் திறந்தான். இமை ஈரமாக இருந்தது.

"தேங்க்ஸ் அங்கிள். அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து எங்களுக்காக யாரும் இப்படிக் கைபிடித்து ஜெபம் செய்ததில்லை" என்றான் இங்கிலீஷில்.

வேலை போய்விட்டதா? என் கை துண்டுக்குள்ளேயே கிடந்தது.

"ஏன் போச்சு தம்பி?" தபீதாள் மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டாள்.

"வெளிநாட்டு வாத்தியார்கள் எல்லாருக்கும் ஒன்பது மாதச் சம்பளம் கொடுத்தாயிற்று என்று மேலே இருப்பவர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். கொடுக்காததைக் கொடுத்ததாக எப்படிப் போடுவேன் என்றார் அப்பா. மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள். அவர் போட்டுவிட்டார்."

அந்த நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஓர் ஆளின் பிள்ளையை நான் பஸ் ஏற்றிக் கூட்டிவந்து விலை பேசியிருக்கிறேன். மாப்பிள்ளை சம்பளம் கணக்கில் கொடுத்து முடிந்துவிட்டது. இனி யாரிடம் போய், எந்தத் துண்டைப் போட்டு, எந்த விரலைப் பிடிப்பது?

தபீதாளின் கரண்டி அந்தரத்திலேயே நின்றது. பிறகு சட்டிக்குள் போய், மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொடைக்கறியை எடுத்து அவன் இலையில் வைத்தது.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவளும் மண்டிக்காரர் மகள்தான். ஒரு நுனியைப் பிடித்துத் துண்டை மெல்ல இழுத்தாள். அவன் ஐந்து விரலும் இன்னும் என் பிடிக்குள் இருந்தன.

"இன்னாண்ணா பண்ணிக்கினு இருந்தே?"

"ஜெபந்தாம்மா."

"அப்போ நீயும் ஆமென் சொல்லு."